கோவலனுக்குக் கிடைத்தது தண்டனையா?

அன்பு மலருக்கு,

"கட்டிய பெண்டாட்டியைத் தவிக்கவிட்டவன், அவனுக்கு அந்தச் சாவு வேண்டியதுதான்" என்று போனில் சிலப்பதிகாரத்துக் கோவலனைப் பற்றிச் சொன்னாய். அவசரத்தில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கோவலன் மேல் எனக்கும் கோபம் உண்டு. மனைவி கண்ணகியை விட்டு, 1,008 கழஞ்சு பொன் கொடுத்து மாலை வாங்கி ஆடல் மகள் மாதவியிடம் போனான். சொத்தையெல்லாம் கரைத்தான். கடைசியில் கடற்கரையில் அவள் பாடிய பாட்டில் சந்தேகப்பட்டு அவளையும் உதறினான். இரண்டு பெண்களுக்கும் அவன் செய்தது கொடுமை.

ஆனால் அந்தக் கொடுமைக்குத்தான் அவன் உயிர் போனது என்றால், பாண்டியன் சபையில் கண்ணகிக்கு வழக்கே இல்லையே! மதுரைக்குக் கண்ணகியின் சிலம்பை விற்க வந்த கோவலன்தான் அரசியின் சிலம்பைத் திருடியவன் என்று பொற்கொல்லன் வந்து சொன்னபோது மன்னன் அரசியின் ஊடலைத் தீர்க்கப் போய்க்கொண்டிருந்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்றுவிட்டு எடுத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டான். போன காவலர்களுக்கே மனசு ஒப்பவில்லை. இவனைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லை என்கிறார்கள். பொற்கொல்லன் திருடர்களின் தந்திரங்களையெல்லாம் விவரித்துக் குழப்புகிறான். முடிவில் வாளை வீசியது "கல்லாக் களிமகன் ஒருவன்", அதாவது படிப்பறிவில்லாத ஒரு குடிகாரன். இதில் மாதவி எங்கே வருகிறாள்? விசாரிக்காமல் செய்த கொலை இது. அதைக் கேட்கத்தான் ஒற்றைச் சிலம்போடு கண்ணகி போனாள். "யானோ அரசன், யானே கள்வன்" என்று விழுந்து செத்த பாண்டியனுக்குப் புரிந்ததை நாம் மறைத்துவிடக் கூடாது.

ஊழ்வினை என்று இளங்கோவடிகளே சொல்கிறாரே என்பாய். சரி, அது எந்த வினை? சிலப்பதிகாரத்தில் கட்டுரைகாதை என்ற பகுதியைப் படித்துப் பார். முற்பிறப்பில் கோவலன் பரதன் என்ற பெயரில் கலிங்கத்துச் சிங்கபுரத்தில் அரசனிடம் வேலை பார்த்தவன். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பழி சுமத்திக் கொல்ல வைத்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் கதறி அலைந்து, சாபம் இட்டு, மலையிலிருந்து விழுந்து இறந்தாள். மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி சொல்லும் காரணம் இதுதான். கண்ணகியைப் பிரிந்தது அந்தக் கணக்கில் வரவே இல்லை. இந்தப் பிறவியில் நீ செய்ததாக நான் அறிந்தது நல்வினைதான் என்று மாடலன் என்ற மறையோன் கோவலனிடமே சொல்கிறான். யானையிடம் சிக்கிய முதியவரைக் காப்பாற்றியதையும், பூதத்தின் பிடியில் இருந்தவனுக்காகத் தன் உயிரைத் தர முன்வந்ததையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறான்.

கோவலன் செய்த தப்புக்குத் தீர்ப்புச் சொல்ல உரிமை உள்ளவள் கண்ணகி. அவள் அதைச் சொல்லியும் விட்டாள். மதுரையில் அடைக்கலம் கொடுத்த இடையர்குலப் பெண் மாதரி வீட்டில் சாப்பிட்ட பிறகு, "சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்", சின்ன வயதிலேயே முதிர்ந்த அறிவுள்ள உனக்குத் துன்பம் செய்தேன் என்று அவன் தானாக ஒப்புக்கொள்கிறான். அவள் மழுப்பாமல் "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்", யாரும் மெச்சாத நடத்தை உங்களுடையது என்கிறாள். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். அதற்குப் பிறகு வெளியிலிருந்து யாரும் அவனுக்குத் தண்டனை எழுத வேண்டியதில்லை.

உன் சித்தப்பா படுக்கையில் கிடந்தபோது, பார்க்க வந்தவர்கள் "செஞ்சதுக்கு அனுபவிக்கிறார்" என்று சித்தி காதுபடவே சொன்னார்கள். அவர் சித்தியைப் படுத்திய பாடு எனக்குத் தெரியும். ஆனால் ராத்திரியெல்லாம் கண்விழித்துக் கிடந்தது சித்திதானே, மலர்? அந்தப் பேச்சை உன் வாயிலிருந்து கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று. அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று மாதரி தீயில் விழுந்தாள். அவர்களுக்கு வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் உண்ணாமல் உயிர் விட்டார். கோவலனுடைய தாயும் கண்ணகியின் தாயும் துக்கம் தாங்காமல் போய்ச் சேர்ந்தார்கள். இவர்களெல்லாம் யாருக்கு என்ன செய்தார்கள்? இதற்கு உன் பதிலை எழுது.

அன்புடன்,
அம்மா