பழைய ரிசீவரைக் கழற்றிப் போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புது டிவி வாங்குவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை அங்குலம், 4கே தேவையா, எந்த பேனல் நல்லது என்று எல்லாம் இருந்தது, சத்தம் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. எங்கள் வீட்டில் டிவி மாற்றியபோது ஒன்றரை மாதம் எங்களைப் பாடாய்ப் படுத்தியது அந்தச் சத்தம்தான், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களிடம் 2012இல் வாங்கிய 5.1 ரிசீவர் இருக்கிறது, சத்தத்தை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. ஐந்து ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர், எல்லாம் நன்றாகவே வேலை செய்கின்றன. பழைய டிவியில் இருந்த சிவப்பு வெள்ளை ஆடியோ பின் புது டிவியில் கிடையாது. டிவியை மாட்ட வந்த தம்பி ஒரு எச்டிஎம்ஐ கேபிளை எடுத்து ரிசீவரில் 'இன்' என்று போட்டிருந்த இடத்தில் சொருகிப் பார்த்தார், சத்தம் வரவில்லை. "இது இந்த டிவிக்குச் சேராது சார், சவுண்ட்பார் வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அப்பாவுக்கு வயது 74, காது கொஞ்சம் மந்தம். இப்போது வரும் மெலிசான டிவிகளில் ஸ்பீக்கர் சின்னது, அதுவும் கீழே பார்த்தபடியோ சுவரைப் பார்த்தபடியோ இருக்கிறது. "என்ன சொன்னான், என்ன சொன்னான்" என்று எங்களிடம் கேட்டுக் கேட்டு, கடைசியில் அப்பா டிவி முன்னால் உட்காருவதையே விட்டுவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவி, ரிசீவர் இரண்டின் கையேட்டையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிவியின் எச்டிஎம்ஐ இணைப்புகளில் ஒன்றே ஒன்றின் பக்கத்தில் பொடி எழுத்தில் 'ஏஆர்சி' என்று இருந்தது, ரிசீவரில் 'அவுட்' பக்கத்திலும் அதே எழுத்து. இந்த இரண்டையும் ஒரே கேபிளால் இணைத்தால் ரிசீவரிலிருந்து படம் டிவிக்குப் போகும், டிவியின் சத்தம் அதே கேபிள் வழியாகத் திரும்பி ரிசீவருக்கு வரும். 2009இலேயே எச்டிஎம்ஐ 1.4 பதிப்பில் வந்துவிட்ட வசதி இது. 'இன்'னில் சொருகினால் எப்படி வரும்? அப்புறம் இரண்டிலும் சிஇசி என்ற அமைப்பை, அதாவது எச்டிஎம்ஐ வழியாக இரண்டும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும் வசதியை, ஆன் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது, சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க், அதனால் மெனுவில் தேடினாலும் லேசில் கண்ணில் படாது.

சத்தம் வந்துவிட்டது, ஆனால் நடு ஸ்பீக்கர் மட்டும் ஊமையாக இருந்தது. எனக்கு இந்த விஷயம்தான் முக்கியம். 5.1இல் பாத்திரங்கள் பேசுவது பெரும்பாலும் அந்த நடு ஸ்பீக்கரில்தான் வரும், பின்னணி இசையும் மற்ற சத்தங்களும் சுற்றியுள்ளவற்றில் வரும். டிவியின் ஒலி மெனுவில் 'பிசிஎம்' என்று வைத்திருந்ததால் எல்லாமே இடது, வலது என்று இரண்டு சேனலாகச் சுருங்கி, பேச்சும் இசையும் ஒன்றாகக் கலந்து வந்துகொண்டிருந்தது. வரும் ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்பும் 'பாஸ் த்ரூ' போட்டால் மொத்தமாகவே நின்றுவிட்டது, எங்கள் ரிசீவருக்குப் புரியாத வடிவத்தில் டிவி அனுப்பியிருக்க வேண்டும். 5.1 ஒலியைச் சுருக்கி அனுப்பும் 'டால்பி டிஜிட்டல்' என்று மாற்றினேன், ஆறும் பேசின. இரண்டு சேனலில் மட்டுமே வரும் ஒளிபரப்புக்கு ரிசீவரில் 'புரோ லாஜிக்' போட்டால் பேச்சை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் தனியாக மூன்று டெசிபல் ஏற்றி வைத்தேன். அப்பா பக்கத்து அறையிலிருந்து எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஏஆர்சி இல்லாத இன்னும் பழைய செட் வைத்திருப்பவர்களும் கவலைப்பட வேண்டாம், ஒலியை வெளிச்சமாக அனுப்பும் ஆப்டிகல் கேபிள் போதும். 1983இல் தோஷிபா கொண்டுவந்த அந்த வழியில் இன்றும் டால்பி டிஜிட்டல் 5.1 போகிறது (புதுக் கேபிளின் இரண்டு முனையிலும் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற மறக்காதீர்கள்). வெறும் ஆக்ஸ், அதாவது பழைய மாதிரி ஆடியோ இணைப்பு, மட்டும் உள்ள செட் என்றால் ஆப்டிகலைச் சிவப்பு வெள்ளைப் பின்னாக மாற்றித் தரும் ஒரு குட்டிப் பெட்டி கிடைக்கிறது, சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். அதற்கு மட்டும் டிவியைப் பிசிஎம்மில்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சத்தமே வராது அல்லது கரகரவென்று இரையும். கடைக்காரர்கள் பெரிதாகச் சொல்லும் இஏஆர்சி, அதாவது ஏஆர்சியின் மேம்பட்ட வடிவம், ப்ளூரே டிஸ்க்கில் இருக்கும் தரம் குறையாமல் சுருக்கிய ஒலியை டிவி வழியாகக் கொண்டுபோக நினைப்பவர்களுக்குத்தான் தேவைப்படும், சீரியலும் செய்தியும் பார்க்கும் வீட்டுக்கு அது இல்லாமலே நடக்கும்.

டிவி மாட்ட ஆள் அனுப்பும் கடைகளுக்கு ஒரு வேண்டுகோள். படம் வந்ததும் கிளம்பிவிடாமல், வீட்டில் ரிசீவர் இருக்கிறதா என்று கேட்டு, அதையும் இணைத்து, நடு ஸ்பீக்கரில் பேச்சு வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான். அது தெரியாமல் நல்ல செட்டைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர்.

ஆசிரியர் அவர்களே, டிவியின் பின்பக்கத்தையும் ரிசீவரின் பின்பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, எது எதோடு சேரும் என்று கோடு போட்டு, தமிழில் அரைப் பக்கம் வெளியிடுங்கள். நான் அதை வெட்டி எங்கள் டிவி ஸ்டாண்டின் உள்பக்கம் ஒட்டி வைத்துக்கொள்வேன், அடுத்த முறை யாராவது கேபிளைப் பிடுங்கினால் அப்பாவே பார்த்துச் சொருகிக்கொள்வார்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை