உணவுக்குழாய்ப் புற்றுக்கு ஸ்கேன் ரிப்போர்ட் எழுதும் சென்னை மருத்துவர்களுக்கு

மதிப்பிற்குரிய கதிரியக்க மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் மருத்துவர் இல்லை. உணவுக்குழாயில் புற்று வந்தவர்களோடு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போய்வரும் தன்னார்வலர். உங்களிடம் ஒரு கோரிக்கை: ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் ஸ்கேனின் ரிப்போர்ட்டை, அதை வைத்து அறுவை மருத்துவர் முடிவெடுக்கும்படி எழுதுங்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கும், சென்ட்ரல் எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனைக்கும் வெளியூர்க்காரர்கள் பலர் எங்கோ எடுத்த ஸ்கேனோடுதான் வருகிறார்கள். அண்மையில் ஒரு பெரியவர் கொண்டுவந்த சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்தது மூன்றே வரி. உணவுக்குழாயின் நடுப்பகுதியில் சுவர் தடிப்பு, பக்கத்தில் சில நிணநீர் முடிச்சுகள், மற்ற பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்க்கவும். கட்டி எத்தனை சென்டிமீட்டர், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு மேலா கீழா, கல்லீரலும் நுரையீரலும் சுத்தமா, எதுவும் இல்லை. அறுவை மருத்துவர் ஃபிலிமைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வேண்டிய படங்கள் அதில் இல்லை. எல்லாப் படங்களும் பதிந்த டிஸ்க்கும் தரவில்லை. மறுபடி எடுத்துவரச் சொன்னார். கஞ்சி மட்டுமே இறங்கும் மனிதர், மறுபடி வெறும் வயிற்றோடு படுத்து, மறுபடி கான்ட்ராஸ்ட் ஊசி போட்டுக்கொண்டார்.

உங்களுக்குத் தெரியாததா? உணவுக்குழாய்க்குக் குடலைப் போல வெளியுறை கிடையாது. சுவரைத் தாண்டிய புற்று பக்கத்து உறுப்பில்தான் போய் ஒட்டுகிறது. நுரையீரல் உறை, இதய உறை, உதரவிதானம் வரை என்றால், கட்டி எதுவரை பரவியது என்று குறிக்கும் நிலைக் கணக்கில் டி4ஏ; வெட்டியெடுக்க வழி இருக்கலாம். பெருந்தமனி, மூச்சுக்குழாய், முதுகெலும்பு என்றால் டி4பி; பொதுவாக ஆபரேஷன் இல்லை. பெருந்தமனியின் சுற்றளவில் 90 டிகிரிக்கு மேல் கட்டி ஒட்டியிருந்தால் ஊடுருவியிருக்கலாம் என்று சந்தேகிப்பது உங்கள் துறையின் பழைய கணக்கு. அந்த டிகிரியை எழுதுங்கள். கட்டிக்கும் பெருந்தமனிக்கும் நடுவே கொழுப்புப் படலம் தெரிகிறதா என்றும் எழுதுங்கள்.

குறை உங்கள் பக்கம் மட்டும் இல்லை. அனுப்பும் டாக்டர் சீட்டில் ‘சிடி செஸ்ட்’ என்று மட்டும் கிறுக்கி, வயிற்றை விட்டுவிடுகிறார். எண்டோஸ்கோபியில் கண்டதையும் எழுதுவதில்லை. அப்படி வந்தால் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். ஆரம்பக் கட்டி சுவரின் எந்த அடுக்கு வரை இறங்கியிருக்கிறது என்று சிடியில் பிரித்துப் பார்க்க முடியாது, அதற்கு உள்ளே குழாய் விட்டு எடுக்கும் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் வேண்டும் என்பதையும் ரிப்போர்ட்டிலேயே சொல்லிவிடலாம்.

சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரவைத்துக் காட்டும் பெட் சிடி ஸ்கேன் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. சிடியில் தெரியாத பரவலை அது காட்டிக்கொடுத்து, பலனில்லாத பெரிய ஆபரேஷனிலிருந்து ஒருவரைக் காப்பாற்றும். சரி, ஆனால் நம் ஊரில் காசநோய் உண்டு. நெஞ்சின் நடுவே ஒரு முடிச்சு ஒளிர்ந்தால் அது புற்றாகவும் இருக்கலாம், டிபியாகவும் இருக்கலாம். ‘பரவிவிட்டது’ என்ற ஒற்றை வரியைப் படித்துவிட்டு, ஆபரேஷனே வேண்டாம் என்று ஊருக்குக் கிளம்புகிற குடும்பங்கள் உண்டு. அந்த முடிச்சை வைத்துத்தான் முடிவு மாறும் என்றால், ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள்.

2012-ல் வெளியான, உணவுக்குழாய்ப் புற்றுச் சிகிச்சை பற்றிய கிராஸ் (CROSS) ஆய்வுக்குப் பிறகு, கீமோவும் 23 தவணை ரேடியேஷனும் முதலில், ஆபரேஷன் அப்புறம் என்பது பரவலான வழக்கம். ரேடியேஷனால் புண்ணான உணவுக்குழாயும் பெட்டில் ஒளிரும். ரேடியேஷன் முடிந்த தேதியைக் கேட்டு எழுதி, பழைய படங்களோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். அதற்குப் பழைய படங்கள் முழுதாகக் கையில் இருக்க வேண்டும். ஆகவே ஃபிலிம் கவருக்குள் டிஸ்க்கையும் கட்டாயம் வையுங்கள். ‘அடுத்த ஸ்கேனுக்கு இதையும் எடுத்து வாருங்கள்’ என்று கவரின் மேல் தமிழில் பெரிதாக அச்சிடுங்கள்.

நன்றியுடன்,
ஒரு தன்னார்வலர், சென்னை