தேங்காய்க்கு என்ன தெரியும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார வேளாண் இணைப்பில் தேங்காயை வைத்து நிலத்தடி நீரோட்டம் பார்க்கும் பெரியவரைப் பற்றிய கட்டுரை படித்தேன். படம் பிரமாதம். "மனிதன் பொய் சொல்வான், தேங்காய் சொல்லாது" என்று உங்கள் நிருபர் எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்கு ஒன்றே கால் லட்சம் ரூபாய் ஏற்கெனவே கட்டியவன் நான்.

மூன்று வருஷத்துக்கு முன் கோடையில் எங்கள் தோட்டத்துக்கும் ஒருவர் வந்தார். ஓ பாசிட்டிவ் ரத்தம் உள்ளவருக்குத்தான் தேங்காய் பேசுமாம். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து வெறுங்காலோடு நடந்தார். தென்கிழக்கு மூலையில் குடுமி நட்டமாக எழுந்தது. என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். 300 அடியில் இரண்டு ஓட்டம் சேருகிறது என்று கல் வைத்துவிட்டுப் போனார். போர் போடும் ரிக் வண்டி விடிய விடிய ஓட்டியது. 820 அடி வரை சொட்டுத் தண்ணீர் இல்லை, வெறும் பாறைத்தூள் புகை. கொட்டகையில் நின்ற எருமை மாவு மில்லுக்குப் போய்வந்தது போல வெளுத்துவிட்டது.

திரும்பக் கூப்பிட்டேன். கண்ணைத் துண்டால் கட்டி, அதே இடத்தைக் காட்டச் சொன்னேன். முதல் தடவை கல்லுக்கு இருபது அடி தள்ளி நிமிர்ந்தது. அடுத்த தடவை எருமைக் கொட்டகைக்குள். "சந்தேகப்படுகிறவர் காட்டில் கங்கை தங்கமாட்டாள்" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லமாட்டேன். உள்ளங்கை துளி சாய்ந்தாலே தேங்காய் எழும். கை சாய்வது அவருக்கே தெரியாது. எங்கள் பக்கம் அடியில் கடும்பாறை, தண்ணீர் நிற்பது அதன் வெடிப்புகளில். எங்கே தோண்டினாலும் ஊறிய காலத்தில் தேங்காய்க்கும் நல்ல பெயர் கிடைத்தது. அவ்வளவுதான்.

ஜெர்மனியில் மியூனிக் அருகே 1987, 88இல் ஒரு களஞ்சியத்தில் நடந்த சோதனை உங்களுக்குத் தெரியாததா? கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்தார்கள். மேல்தளத்தில் நின்று எங்கே என்று சொல்ல வேண்டும். நீரோட்டம் பார்ப்பவர்கள் சுமார் 500 பேரில் தேறிய 43 பேர், 843 முறை சொன்னார்கள். சிலருக்குச் சக்தி இருப்பதாகத்தான் நடத்தியவர்கள் எழுதினார்கள். 1999இல் ஜிம் என்ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதே கணக்கைப் பிரித்துப் பார்த்து, குருட்டாம்போக்கில் சொன்னாலும் இதே அளவு வரும் என்று காட்டினார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கோவை போத்தனூரில் பகுத்தறிவாளர் பிரேமானந்த் அதிசய சக்தியை நிரூபித்தால் ஒரு லட்சம் என்று பந்தயம் கட்டினார். 2009இல் அவர் இறக்கும்வரை யாரும் வாங்கவில்லை. அவரைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு முறை கடிதம் போட்டேன். பதில் இல்லை. சரி, நிருபருக்கு நேரமில்லை. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்தபோதும் எழுதினேன். விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து, அது சிலை மேல் வழிந்து இறங்குவதைக் காட்டினார்களே, அதையும் போடுங்கள் என்று. நான்கு வரியாக வெட்டி, என் இனிஷியலையும் மாற்றிப் போட்டீர்கள். அந்த வாரம் ராசிபலனுக்கு மட்டும் ஒரு பக்கம் கூடுதல்.

கட்டுரை முடிவில் பெரியவரின் கைபேசி எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அடுத்த வாரம் அதே அளவு எழுத்தில் ஒரே ஒரு வரி: அவர் காட்டிய இடங்களில் எத்தனை புகைந்தன? அவரையே கேட்டுப் போடுங்கள்.

என் பெயர் வேண்டாம். எங்கள் தோட்டத்துக்கு வந்தவர் சம்பந்தி வழியில் உறவு. ஆடி நோன்புக்கு வீட்டுக்கு வருவார்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
காங்கயம் வட்டம்