வழிநடைக்குக் கட்டுச்சோறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கத்தோலிக்கரின் நடைத் திருப்பயணம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நடந்த தொலைவையும் காலில் எழுந்த கொப்புளங்களையும் நேர்ந்துகொண்ட வேண்டுதல்களையும் பரிவோடு விவரித்த கட்டுரையாளர், அந்த நடை எதை நோக்கியது என்பதை ஒரு வரியில்கூடத் தொடவில்லை. குருவானவர் அப்பமும் இரசமும் ஒப்புக்கொடுக்கும் வழிபாடான திருப்பலியையும், அதில் கிறிஸ்துவின் உடலாக நாங்கள் பெற்றுக்கொள்ளும் நற்கருணையையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் நெடுநடைதான்.

எம்மாவு என்ற ஊருக்குப் போகும் வழியில் தங்களோடு நடந்தபடியே மறைநூலை விளக்கிய உயிர்த்த இயேசுவை, அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் சீடர் இருவரும் அடையாளம் கண்டார்கள் என்கிறது லூக்கா நற்செய்தியின் 24-ஆம் அதிகாரம். இறக்கும் தறுவாயில் இருப்பவருக்கு வழங்கும் நற்கருணைக்கு இலத்தீனில் 'வியாத்திக்கும்' என்று பெயர். வழிப்பயணத்துக்கான உணவு என்பது பொருள். நம் கட்டுச்சோறு என்ற சொல் எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது.

நற்கருணையை நோக்கி நடப்பது ஒன்று, நற்கருணையோடு நடப்பது மற்றொன்று. 1264-இல் திருத்தந்தை நான்காம் உர்பான் திருச்சபை முழுமைக்கும் ஏற்படுத்திய கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவையொட்டி வளர்ந்த பவனி இரண்டாவது வகை. 2024-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நான்கு திசைகளிலிருந்து நற்கருணையை ஏந்திப் புறப்பட்டவர்கள் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் இண்டியானாபோலிஸ் நகரில் வந்து கூடினார்கள். (இடையிடையே வண்டியும் ஏறினார்கள், அத்தனை பெரிய நாட்டைக் கடப்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.) இத்தகைய பவனியில் குருவானவர், நற்கருணையை வைத்து ஏந்தும் கதிர்ப்பாத்திரத்தை வெறுங்கையால் பற்றாமல், தோளில் போர்த்திய துகிலின் முனைகளால் பற்றியிருப்பார். பின்னால் வருவோர் அனைவரின் நடையும் அந்தக் கைகளின் நிதானத்துக்கு அடங்கிவிடும். முந்திச் செல்ல யாருக்கும் தோன்றாது.

நான் சென்ற குழு ஒன்று மூன்று நாள் நடந்து திருத்தலத்தை அடைந்தபோது, அன்றைய கடைசித் திருப்பலி முடிந்து கதவைப் பூட்டியிருந்தார்கள். புறப்பாட்டுக்கும் உணவுக்கும் ஓய்வுக்கும் நேரம் குறித்திருந்த ஏற்பாட்டாளர்கள் திருப்பலிக்கு மட்டும் குறிக்கவில்லை. வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறினோம். எங்களோடு வந்த முதியவர் ஒருவர் மட்டும் வீங்கிய கால்களோடு பூட்டிய கதவின்முன் முழந்தாளிட்டிருந்தார். ஓட்டுநர் இரண்டு முறை ஒலி எழுப்பிய பிறகே எழுந்தார்.

ஆகவே, பயணத் திட்டத்தில் முதலில் குறிக்க வேண்டியது திருப்பலி நேரம். நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே, தண்ணீரும் மருந்தும் தவிர, எதுவும் உட்கொள்ளலாகாது என்பதால் உணவு நேரத்தை அதற்கேற்ப அமைப்பதே முறை. இரவில் தங்கும் இடத்தில் சிறிது நேரமாவது நற்கருணை ஆராதனை வைக்கலாம். களைப்பில் பலர் தூங்கிவிடுவார்களே என்று கேட்பவர்கள் உண்டு. தூங்கட்டும், ஆண்டவர் முன்னிலையில்தானே தூங்குகிறார்கள்.

இனித் திருப்பயணச் செய்திகளை வெளியிடுகையில், புறப்படும் நேரத்தோடு திருப்பலி நேரத்தையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்