மல்லிகாவுக்கு, ராஜா இல்லாத ஒரு ஊரைப் பத்தி

அன்பு மல்லிகா,

உன் லெட்டர் கிடைச்சுது. அம்மாவோட கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு படிச்சப்புறம்தான் நிம்மதியாச்சு, சொட்டு மருந்தை மட்டும் நேரத்துக்கு விடச் சொல்லு. இங்க எல்லாரும் சௌக்கியம். சின்னவ ப்ளஸ் டூ முடிச்சுட்டு ஹிஸ்டரிதான் எடுப்பேன்னு நிக்கறா, அவங்கப்பாவுக்கு அவ்வளவா இஷ்டமில்ல, எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம்டி.

உன் கிளாஸ்ல ஒரு பையன் "ராஜாவே இல்லாம இவ்ளோ பெரிய ஊர் நடக்குமா"ன்னு கேட்டான்னு எழுதியிருந்தே. நடந்திருக்குடி, ஆயிரம் வருஷத்துக்கு மேல நடந்திருக்கு. துருக்கி போனப்ப கோன்யால ரூமி சமாதி பாத்துட்டு அப்படியே நான் அடம்புடிச்சுப் போன இடம் சத்தால்ஹோயுக், மண்மேடா கிடந்ததைத் தோண்டி எடுத்த கற்கால ஊர். கி.மு. 7100 வாக்குல ஆரம்பிச்சு 5950 வரைக்கும் அந்த மேட்டுல ஜனங்க இருந்திருக்காங்க, ஒரு காலகட்டத்துல சில ஆயிரம் பேர் இருந்திருப்பாங்கன்னு கணக்கு போடறாங்க. அரண்மனை இல்ல, ஊருக்குப் பொதுவா பெரிய கோயில் இல்ல, பெரிய தானியக் கிடங்கும் இல்ல. தெருகூட இல்லன்னா நம்புவியா?

வீடுங்க எல்லாம் பச்சைச் செங்கல், ஒண்ணை ஒண்ணு ஒட்டினாப்ல கட்டியிருக்காங்க, வாசல்னு ஒண்ணு கிடையாது, மொட்டை மாடி மேல நடந்து போய் கூரைல இருக்கற ஓட்டை வழியா ஏணில இறங்கணும். சைட்ல மாதிரிக்கு ஒரு வீடு கட்டி வச்சிருக்காங்க, அதுக்குள்ள போய் ரொம்ப நேரம் நின்னேன். ஏணிக்குக் கீழயே அடுப்பு, புகை போறதுக்கும் அதே ஓட்டைதான். அந்தப் புகைய ஆயுசு பூரா சுவாசிச்சதால வயசானவங்க விலா எலும்போட உள்பக்கம் கரி படிஞ்சிருக்கு, ஆம்பள பொம்பள ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அப்படின்னா பொண்ணுங்களை உள்ள அடைச்சு வச்சுட்டு ஆம்பளைங்க வெளில சுத்தினாங்கன்னு சொல்றதுக்கில்ல. எலும்புல ரசாயன ஆராய்ச்சி பண்ணி சாப்பாட்டைப் பாத்தாங்க, அதுலயும் பெரிசா வித்தியாசம் இல்ல. எனக்கு இந்த விலா எலும்பு விஷயம் எந்தச் சிலையை விடவும் பெரிய சாட்சி. 1961ல ஜேம்ஸ் மெல்லார்ட்ங்கற தொல்லியல் ஆராய்ச்சியாளர் அங்க தோண்டினப்ப ரெண்டு பக்கமும் சிறுத்தை மாதிரி மிருகத்துமேல கை வச்சு உக்காந்திருக்கற பொம்பளை சிலை ஒண்ணு கிடைச்சுது, அங்காரா மியூசியத்துல இருக்கு, அவர் உடனே தாய்த் தெய்வம்னு சொல்லிட்டார், உலகமே அதைப் புடிச்சுக்கிச்சு. 1993லேர்ந்து இருபத்தஞ்சு வருஷம் அங்க வேலை பாத்த இயன் ஹாடர் குழு அந்த முடிவுக்குப் போகல, அதுதான் சரின்னு நானும் நினைக்கறேன்.

செத்தவங்களை எங்க வச்சாங்க தெரியுமா? வீட்டுக்குள்ளயே, படுக்கற திண்ணைக்குக் கீழ. நம்ம கீழடிக்கு கொந்தகை மாதிரி தனி இடுகாடு கிடையாது. உடம்பை மடக்கிக் குழில வச்சு, மூடி, மேல பூசி, அது மேலயே படுத்து எழுந்து வாழ்ந்திருக்காங்க. நாம பொங்கலுக்கு வெள்ளையடிக்கற மாதிரி அவங்களும் சுவரை வெள்ளை மண்ணால திரும்பத் திரும்பப் பூசியிருக்காங்க, சில சுவர்ல அந்த அடுக்கு நூத்துக்கணக்குல போகுது. வீடு பழசானா ஏதோ ஒரு பக்கம் புதுசா கட்டிக்கல, உள்ள சுத்தம் பண்ணி, கம்பத்தை எடுத்துட்டு, மண்ணைப் போட்டு நிரப்பி, அதே சுவர் மேல அதே அளவுல அடுத்த வீட்டை எழுப்பியிருக்காங்க, அப்படியே ஏறி ஏறி மேடு இருபத்தோரு மீட்டர் உயரம் ஆயிடுச்சு. 2004ல ஒரு பொண்ணோட குழி கிடைச்சுது, அவ நெஞ்சோட அணைச்சு வச்சிருந்தது வேற ஒருத்தரோட மண்டையோடு, முகம் மாதிரி சுண்ணாம்பு பூசி சிவப்பு சாயம் அடிச்சு. அவளுக்கு அவங்க யாரோ, எவ்வளவு நாளா பத்திரமா வச்சிருந்தாங்களோ.

யோசிச்சுப் பாத்தா ஊரைக் கட்டிப் புடிச்சு வச்சது இந்த வீடுதான். ஒவ்வொரு வீட்டுலயும் ஒதுக்குப்புறமா சின்ன அறை, அதுல களிமண் தொட்டி, அவங்கவங்க தானியம் அவங்கவங்ககிட்ட. கப்படோக்கியா பக்கத்துலேர்ந்து நூத்தைம்பது கிலோமீட்டருக்கு மேல தூக்கிட்டு வந்த கறுப்பு எரிமலைக் கண்ணாடிக் கல்லைக்கூட ஒரே இடத்துல குவிக்கல, வீட்டுக்கு வீடு அடுப்புப் பக்கத்துல தரைக்குக் கீழ புதைச்சு வச்சு வேணுங்கறப்ப எடுத்து கத்தி, அம்பு முனை செஞ்சிருக்காங்க.

அந்த வீட்டுல இருந்தவங்க ஒரே ரத்தமான்னா, அங்கதான் கதை சூடு புடிக்குது. பல்லோட வடிவத்தை வச்சு 2011ல பாத்தப்ப ஒரே வீட்டுக்குக் கீழ கிடக்கறவங்க நெருங்கின சொந்தமாத் தெரியல, சேந்து வாழ்ந்ததுதான் உறவுன்னாங்க. 2025ல நூறு பேருக்கு மேல டிஎன்ஏ எடுத்துப் பாத்ததுல, ஆரம்ப காலத்துல ஒரு வீட்டுக்குள்ள சொந்தக்காரங்க நிறைய இருந்திருக்காங்க, பின்னால குறைஞ்சிருக்கு, ஆனா சொந்தம் இருக்கற இடத்துல அது அம்மா வழியாத்தான் அதிகம் வருது, பொண்ணுங்க வீட்டோட ஒட்டி இருக்காங்க, சின்னப் பொண் குழந்தைங்க குழில வச்ச பொருளும் பையன்களை விட நிறைய. எனக்குப் படிக்கறப்ப மயிர் கூச்செறிஞ்சுது. துருக்கியிலயே இருக்கற இன்னொரு கற்கால இடம் கோபெக்லி தெபே, அங்க பெரிய பெரிய கல் தூணைப் பாத்து எல்லாரும் வாயைப் பிளக்கறாங்க, அது இன்னும் ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல பழசு, எனக்கும் பிரமிப்புதான், ஆனா தினசரி வாழ்க்கை தெரியணும்னா இந்தக் கரி படிஞ்ச வீட்டுக்குத்தான் வரணும்.

எல்லாம் தேனும் பாலுமா இருந்துச்சுன்னு பசங்ககிட்ட சொல்லிடாதே. பாத்த 93 மண்டையோட்டுல 25ல அடிபட்டு ஆறின தழும்பு, ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்கு கொஞ்சம் ஜாஸ்தி, களிமண் உருண்டையை எறிஞ்சு அடிச்சிருக்கலாம்னு சொல்றாங்க. கூட்டம் நெரிசலான காலத்துல இது கூடியிருக்கு. குடல் புழு முட்டையும் கிடைச்சிருக்கு, குப்பையும் கழிவும் வீட்டு சுவரை ஒட்டியே கொட்டியிருக்காங்க. அப்படியும் அடிச்சுக்கிட்டவங்க ஆறி எழுந்து அதே கூரை மேல திரும்ப நடந்திருக்காங்க, ஒரு தலைவனை உக்கார வைக்காமலே இத்தனை தலைமுறை. எப்படிப் பஞ்சாயத்து பேசினாங்கன்னுதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு.

வீடு, குழி, சுவர்ப் பூச்சு போட்டோ எல்லாம் வாட்ஸப்ல அனுப்பறேன், கிளாஸ்ல காட்டு. டிஎன்ஏ கட்டுரையும் அனுப்பறேன், அம்மா வழின்னா அதிகாரமும் பொண்ணுங்ககிட்டதான் இருந்துச்சான்னு எனக்கு இன்னும் ஒப்புக்க முடியல, நீ படிச்சுட்டு எழுது. தை மாசம் அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்கு மதுரை வரேன், ரெண்டு நாள் உன் வீட்டுலதான்.

அன்புடன்,
கீதா