பயிற்சியாளரின் கோபமும் மாணவ வீரரின் பெயரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணியின் தலைமைப் பயிற்சியாளராக 2005 முதல் இருந்துவந்த மைக் கண்டி, 2025 செப்டம்பரில் பதவி நீக்கப்பட்டதையொட்டித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். செய்தியாளர் கூட்டத்தில் 2007இல் அவர் கொதித்தெழுந்ததை, மாணவருக்காக ஆசான் பரிந்து பேசியதற்கு எடுத்துக்காட்டாகக் கட்டுரையாளர் புகழ்ந்திருந்தார். அந்தப் புகழுரையை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை.

அந்த ஆண்டு செப்டம்பர் 14 அன்று ட்ராய் பல்கலைக்கழகத்திடம் 41-23 என்ற கணக்கில் அணி தோற்றதும், குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்தும் ஆட்டக்காரர்) பாபி ரீடின் இடம் ஸாக் ராபின்சனுக்குப் போனது. 'தி ஓக்லஹோமன்' நாளிதழின் பத்தி எழுத்தாளர் ஜென்னி கார்ல்சன், ரீடின் ஆட்டத்தைவிட அவருடைய மனப்பாங்கே இதற்குக் காரணம் என்ற தொனியில் எழுதினார். காதில் விழுந்த பேச்சுகளோடு, முந்தைய ஆண்டு அணியின் பேருந்துகளுக்கு அருகே தாயார் ரீடுக்குக் கோழிக்கறி ஊட்டிவிட்டதையும் சேர்த்துக்கொண்டார். சம்பளம் வாங்காமல் உதவித்தொகையில் படித்துக்கொண்டே ஆடிய ஒரு மாணவனின் மன உறுதியை அளக்க, தாய் ஊட்டிய ஒரு கவளம் சோறா அளவுகோல்? பந்தை எங்கே தவறவிட்டார், எந்த நேரத்தில் தவறான முடிவெடுத்தார் என்று எழுதியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க முடியாது.

ஆனால் கண்டி செய்ததும் சரியல்ல. செப்டம்பர் 22 அன்று டெக்சாஸ் டெக் அணியை 49-45 என்று வென்ற கையோடு, அந்த நாளிதழைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அதில் முக்கால் பங்கு உண்மையல்ல என்றார். என்னைத் தாக்குங்கள், நான் ஆண்மகன், எனக்கு 40 வயது என்று முழங்கினார். கேள்வி எதற்கும் இடம் தராமல் வெளியேறினார். எந்த வரி பொய், எது உண்மை என்று அவர் விளக்கவேயில்லை. உள்ளூர்ப் பத்தியாக ஓரிரு நாளில் மறைந்திருக்கக்கூடிய ஒன்று, அந்தச் சில நிமிடக் காணொளியால் நாடு முழுவதும் பரவியது. ரீடின் ஆட்டத்தைப் பார்த்தே இராதவர்களும், தாயார் ஊட்டிய பையன் என்று அவரை அறிந்துகொண்டார்கள். 2006ஆம் ஆண்டின் இறுதியில் இண்டிபெண்டன்ஸ் போல் என்ற பருவ இறுதிச் சிறப்பு ஆட்டத்தில் அலபாமாவை 34-31 என்று வென்ற அணியின் குவார்ட்டர்பேக் அவர்தான் என்பதோ, அடியோடு மறக்கப்பட்டது.

பிறகு டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் சென்ற ரீட், அடுத்த ஆண்டு ஈஎஸ்பிஎன் விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனத்துக்கு அளித்த பேட்டியில், பயிற்சியாளரின் அந்தப் பேச்சு தன் வாழ்க்கையையே முடித்துவிட்டது என்ற பொருளில் வருந்திச் சொன்னார். யாரைக் காப்பதாகச் சொல்லி அந்தக் குரல் உயர்ந்ததோ, அவரே சொன்ன தீர்ப்பு இது. தங்கள் கட்டுரையில் இது இடம்பெறாததே என் மனத்தை மிகவும் உறுத்தியது. மாணவருக்காகப் பேச விரும்பும் பயிற்சியாளர் முதலில் அந்த மாணவரைக் கேட்டிருக்க வேண்டும். அதன் பின்னர், தவறான தகவல் இன்னதென்று எழுத்தாளரிடமும் ஆசிரியரிடமும் நேரே சுட்டிக்காட்டித் திருத்தம் கோரியிருக்க வேண்டும்.

2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் கொண்டு சம்பாதிக்கலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். பணம் வாங்குகிறவர்கள் எந்த விமர்சனத்தையும் தாங்கத்தானே வேண்டும் என்று இன்று பலர் வாதிடுகிறார்கள். ஆட்டத்தைப் பற்றிய விமர்சனம் என்றால் எனக்கும் உடன்பாடே. ஆனால் பெருந்தொகை பெறுபவர்கள் சிலரே. அவர்களுக்கும்கூடக் குடும்பம் பொதுச்சொத்து ஆகிவிடாது. யாரை ஆடவைப்பது, யாரை உட்காரவைப்பது என்று முடிவெடுப்பவர் பயிற்சியாளர். கடுமையான கேள்விகள் அவரை நோக்கியே முதலில் எழ வேண்டும். அத்தகைய கேள்விகளைக் கண்டியும் எளிதாக எடுத்துக்கொண்டவர் அல்லர். அணி தொடர்ந்து தோற்ற 2024இல், குறை சொல்பவர்களில் பலர் தங்கள் சொந்தக் கட்டணங்களையே செலுத்த முடியாதவர்கள் என்று பேசிவிட்டு, பின்னர் மன்னிப்புக் கேட்டார்.

கண்டியின் பெயர் வரும்போதெல்லாம் அந்தக் காணொளியும் மீண்டும் பேசப்படும். தங்கள் நாளிதழ் அதை அடுத்தமுறை நினைவுகூரும்போது, ரீட் 2008இல் சொன்னதையும் உடன் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
டல்லஸ், டெக்சாஸ்