ஏற்றத்துக்கும் ஒரு கணக்குச் சொல்லச் சொல்லுங்கள்

இலங்கை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

மலையகத்தில் எலக்ட்ரிக் பைக்கோ ஸ்கூட்டியோ வாங்கப் போகும் எவரும் முதலில் கேட்பது, "ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் ஓடும்?" என்றுதான். கடையில் கிடைக்கும் பதில் ஒரே ஓர் எண்: 80, 100, 120. அது எந்த மாதிரி ரோட்டில், என்ன வேகத்தில், எத்தனை பேர் ஏறி எடுத்த எண் என்று கேட்டால் பதில் இல்லை. கையில் தரும் தாளிலும் அது இருப்பதில்லை. அந்த ஓர் எண்ணை நம்பித்தான் தோட்டப் பாடசாலை ஆசிரியரும், தோட்ட உத்தியோகத்தரும், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை அனுப்பிய காசில் முற்பணம் கட்டும் பெற்றோரும் பல வருட லீசிங்கில் கையெழுத்துப் போடுகிறார்கள். இதைச் சரிசெய்யும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

எலக்ட்ரிக் வண்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022 ஜூலையில், எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூ.ஆர். பங்கீட்டு முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல்தான். அதை வைத்துக்கொண்டு மலை ஏறி இறங்கி வேலைக்குப் போனவர்களுக்கு வீட்டிலேயே சார்ஜ் போடும் வண்டியின் அருமை தெரியும். அது இங்கே நிலைத்து நிற்க வேண்டும் என்பதே என் ஆசை. வாங்கியவர் ஏமாந்தால் அடுத்தவர் வாங்க மாட்டார்.

விளம்பரத்தில் வரும் தூரம் பெரும்பாலும் சமதரையில், குறைந்த வேகத்தில், ஒருவர் மட்டும் ஏறி ஓட்டினால் கிடைக்கும் தூரம். ஆய்வுகூடத்தில் உருளைமேல் ஓட்டி அளந்தாலும் அதில் மலை ஏற்றம் கிடையாது. எங்கள் ரோட்டுக்கு அந்த எண் எவ்வளவு பொருந்தும் என்பதை நுகர்வோரே கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பெட்டரியின் அளவைச் சொன்னால்.

72 வோல்ட், 32 அம்பியர் மணி பெட்டரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 2,304 வாட் மணி, அதாவது கரண்ட் பில்லில் வரும் யூனிட் கணக்கில் சுமார் 2.3 யூனிட். இது 100 கிலோமீற்றர் ஓடும் என்றால் கிலோமீற்றருக்கு 23 வாட் மணிதான் செலவாக வேண்டும். சமதரையில் மெதுவாகப் போனால் அது நடக்கக்கூடியதே.

இப்போது அதே வண்டியில் கணவனும் மனைவியும் கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்குப் போகிறார்கள். வண்டியும் ஆட்களுமாக 240 கிலோ. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். கம்பளையிலிருந்து கிட்டத்தட்ட 1,400 மீற்றர் உயர வேண்டும். அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 0.9 யூனிட் வேண்டும். மோட்டாரிலும் அதற்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலரிலும் வெப்பமாகப் போவதைச் சேர்த்தால் 1.1. பாதி பெட்டரி தூக்குவதற்கே போய்விட்டது. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் உருள்வதற்கும் காற்றைத் தள்ளுவதற்கும் ஆகும் செலவு தனி. அது இன்னொரு 1.2 யூனிட்டைத் தொடும். ஆக, 100 கிலோமீற்றர் என்று விற்ற வண்டி அதில் பாதித் தூரத்தைக்கூட முழுசாக ஏறி முடிக்குமா என்பது சந்தேகம். எதிர்க்காற்று, மழை, பழைய டயர் எதையும் நான் சேர்க்கவில்லை.

மோட்டாரின் வலு பற்றியும் இதே குறை. நூற்றுக்கு ஏழு ஏற்றத்தில், அதாவது 100 மீற்றர் போனால் 7 மீற்றர் உயரும் ரோட்டில், இந்த 240 கிலோ மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் போக, சக்கரத்தில் சுமார் 1,400 வாட் தொடர்ந்து வேண்டும். சில விநாடிகள் மட்டும் தரக்கூடிய உச்ச வலுவைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, தொடர்ந்து தரக்கூடிய வலுவை எழுதாமல் விட்டால் வாங்குபவருக்கு என்ன தெரியும்? வளைவுக்கு வளைவு மோட்டார் சூடேறி வேகம் குறையும்போது, பின்னால் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும். இது பாதுகாப்பு விஷயம்.

இறங்கும்போது சார்ஜ் ஏறும் என்றும் சொல்கிறார்கள். உண்மைதான், ஓரளவுக்கு. ஆனால் மலையுச்சியில் வீடு உள்ளவர் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு நிரம்பிய பெட்டரியோடு காலையில் இறங்கினால் அதில் ஏற்ற இடமே இருக்காது. நுவரெலியாவில் ஜனவரி விடியலில் துகள் பனி விழும். குளிரில் பெட்டரி தரும் தூரம் குறையும். லித்தியம் பெட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் பழுதாகும். எந்த வெப்பநிலைக்குக் கீழே சார்ஜ் போடக்கூடாது என்று எழுத ஒரு வரி போதும்.

சார்ஜ் நேரத்துக்கு வருவோம். "இரண்டு மணி நேரத்தில் சார்ஜ்" என்றால் எத்தனை சதவீதத்திலிருந்து எத்தனை வரை? கடைசிப் பகுதி பெரும்பாலும் மெதுவாகத்தான் ஏறும். வண்டியோடு வரும் சார்ஜர் 700 வாட் என்றால் மேலே சொன்ன பெட்டரி நிரம்ப நான்கு மணி நேரமாவது ஆகும். கடையில் காட்டிய வேகமான சார்ஜர் பெட்டிக்குள் வருகிறதா, தனிக்காசா என்பதையும் சொல்ல வேண்டும். அப்புறம் செலவு. பெட்டரி 2.3 யூனிட் என்றால் சுவரிலிருந்து போவது 2.6 வரை வரும். மாதத்தில் 25 நாள் சார்ஜ் போட்டால் 65 யூனிட். நம் நாட்டில் யூனிட் கூடக்கூட விலைப் படியும் ஏறும். கீழ்ப்படி விலையை வைத்துக் கிலோமீற்றருக்கு இத்தனை சதம் என்று விளம்பரம் செய்தால், பில் வரும் மாதம்தான் குடும்பத்துக்கு உண்மை தெரியும். பழைய வயரிங் உள்ள லயக் காம்பராவில் (தோட்டத் தொடர்வீட்டு அறையில்) எந்தப் பிளக்கில் குத்த வேண்டும், ஆட்கள் தூங்கும் இடத்தில் சார்ஜ் போடலாமா என்பதையும் விற்பவர் எழுதித் தர வேண்டும்.

இவை முடியாத காரியங்கள் அல்ல. இந்தியாவின் ஏத்தர் நிறுவனம் 2022இல் தன் 450 எக்ஸ் ஸ்கூட்டருக்குச் சான்றிதழ் தூரம் 146 கிலோமீற்றர் என்றும், ரோட்டில் எதிர்பார்க்கக்கூடியது 105 என்றும் இரண்டையும் வெளியிட்டது. அமெரிக்காவில் தொடங்கிய, எலக்ட்ரிக் மோட்டார் சைக்கிள் செய்யும் ஸீரோ நிறுவனம் நகரத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் தனித்தனித் தூரம் தருகிறது. எங்களுக்கு வேண்டியது இவற்றோடு மூன்றாவதாக ஏற்றத்துக்கான ஓர் எண்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பொருட்களில் என்ன எழுதப்பட வேண்டும் என்று விற்பவர்களுக்குப் பணிப்புரை விடுக்க உங்களுக்கு அதிகாரம் தருகிறது. தவறாக வழிநடத்தும் வியாபாரத்தை 30ஆம் பிரிவும், பொய்யாகச் சொல்லி விற்பதை 31ஆம் பிரிவும் தடுக்கின்றன. புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு எலக்ட்ரிக் மோட்டார் சைக்கிளிலும் ஒரு தாள் தொங்கட்டும். பெட்டரி எத்தனை யூனிட், மோட்டார் தொடர்ந்து தரும் வலு, தூரம் அளந்த வேகமும் எடையும், வண்டியோடு வரும் சார்ஜரில் முழுதாக நிரம்பும் நேரம், பெட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் குறைந்தால் அதை மாற்றித் தருவார்கள் என்பது அதில் இருக்கட்டும். மூன்று மொழியிலும் இருக்கட்டும். லீசிங் தாளையே வாசிக்க முடியாமல் கையெழுத்துப் போடும் எங்கள் மக்களுக்கு இந்தத் தாளாவது தமிழில் கிடைக்க வேண்டும்.

ஏற்றத்தை எங்கே அளப்பது என்று கேட்பீர்கள். ஏ5 வீதி பேராதனையில் தொடங்கி நுவரெலியா வழியாகப் போகிறது. தொடக்கத்திலேயே பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது. இரண்டு பேரின் எடையோடு ஒவ்வொரு மாடலையும் அந்த வீதியில் ஒருமுறை ஏற்றி, எத்தனை யூனிட் போனது என்று அளந்து தர அவர்களிடம் கேளுங்கள். அந்த அளவு வரும்வரை, "மலைப் பாதைக்கு இந்தத் தூரம் பொருந்தாது" என்ற ஒரு வரியையாவது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டக் கடைகளில் கட்டாயமாக்குங்கள்.

இதற்கு உங்கள் பதிலைத் தமிழில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தலவாக்கலையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்